காலிக் கட்டத்துப் பிள்ளைகள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்த பதினோராம் நாள், காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில், யாரும் பெறாத பிள்ளைகள் முன்னூற்று நாற்பத்திரண்டு பேர் அந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் கதவைத் தட்டவில்லை. சமையலறையிலும் மாடிப்படியிலும் துணி காயும் கொடிக்குக் கீழேயும் நின்றுகொண்டு பசிக்கிறது என்றார்கள். அன்றைக்கு வெயில் சுமார். பால் வண்டி இருபது நிமிடம் தாமதம். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும், பிள்ளை இல்லாத வீடாகப் பார்த்து, வீட்டுக்கு ஒருவராகப் போயிருந்தார்கள். ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள் இருந்த ரொட்டிக்கடைக்காரர் வீட்டுக்கும் ஒன்று போயிருந்தது. தினமும் ஒரு தட்டு கூடுதலாக வைக்கிறோம் என்பது அந்த வீட்டம்மாவுக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் அந்தப் பையனுக்கு இருமல் வந்து சரியாகியிருந்தது, அவன் பக்கத்து வீட்டு ஜன்னலையும் உடைத்திருந்தான். ஆகவே திருப்பி அனுப்புகிற பேச்சே எழவில்லை.

புள்ளிவிவர அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் பிறப்பு மதிப்பீட்டுப் பிரிவு என்று ஓர் அறை இருந்தது. அங்கே இருந்த ஒரே மதிப்பீட்டாளரை ஊழியர்கள் எல்லாரும் ‘தசமம்’ என்றே கூப்பிட்டார்கள். மணி என்ன என்று கேட்டால் பத்தே கால் என்று சொல்லாமல் பத்து புள்ளி இரண்டு ஐந்து என்று சொல்லும் பெண்மணி அவள். கணக்கெடுப்புத் தாள்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியதும், எந்தெந்த வயதுப் பெண்கள் எத்தனை பிள்ளைகள் பெற்றிருக்கிறார்கள் என்று கூட்டிக் கழித்து, ஊரில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளை என்று சொல்வது அவள் வேலை. அந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம், தடுப்பூசி, பிரசவ ஆஸ்பத்திரித் தொட்டில் எல்லாமே வரும். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் எண்ணுகிறவளுக்கு வீட்டில் எண்ணுவதற்கு ஒன்று இல்லை. கல்யாணமாகிப் பதினான்கு வருடம். முதல் ஒன்பது வருடம் டாக்டர்களிடம் போனது. அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டார்கள். கணவன் லிஃப்ட் மெக்கானிக், சிரித்த முகத்துக்காரன். அவள் அலுவலக லிஃப்ட் மாதத்துக்கு இரண்டு முறை கெட்டுப்போவது தன் அன்பினால்தான் என்று கூசாமல் சொல்லிக்கொள்வான்.

அவர்கள் வீட்டுக்கு வந்தது ஒரு பெண் குழந்தை. கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, குழாய் சொட்டுவதை எண்ணிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வரை சரியாக எண்ணியிருந்தது என்பதைத் தசமம் பார்த்த மாத்திரத்தில் கவனித்துவிட்டாள். லிஃப்ட் மெக்கானிக் அதன் எதிரே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ரொட்டியா பழமா என்று மட்டும் கேட்டான். இரண்டும் என்றது குழந்தை. அன்றிலிருந்து அவனுக்கு அது ‘குட்டி’. மேல் மாடியில் குடியிருந்த நாத்தனார் செய்தி கேட்டு ஓடிவந்து, மூக்கின் மேல் விரலை வைத்து, பிறகு அதே கையால் குழந்தையின் தலையைக் கோதிவிட்டு, “ஜாடை எங்கண்ணன்தான், பிடிவாதம் மட்டும் அண்ணி நீங்க” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

இந்தப் பிள்ளைகளிடம் ஒரே ஒரு சிக்கல். அவர்களுக்கு வயது நிலையாக நிற்கவில்லை. திங்கட்கிழமை குட்டிக்கு மூன்று வயது, தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லி அழும்; வியாழக்கிழமை எட்டு வயது, என்னைத் தூக்காதே என்று முறைக்கும். நான்கு அளவில் சட்டை வாங்கி வாசலருகே ஆணியில் மாட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடத்திலும் தலையைச் சொறிந்து பார்த்துவிட்டு, காலையில் உயரத்தை அளந்து அன்றைக்கு எந்த வகுப்போ அந்த வகுப்பில் உட்கார வைத்தார்கள். இரண்டே மாதத்தில் அது எல்லாருக்கும் பழகிப்போனது. மழை வந்தால் குடை எடுப்பதைப் போல, பிள்ளை எழுந்ததும் அளவு பார்த்துச் சட்டை எடுத்தார்கள்.

எதனால் வந்தார்கள் என்று ஊரார் ஆளுக்கொன்று சொன்னார்கள். தசமத்துக்கு மட்டும் முதல் நாளே தெரியும்; மற்றவர்களுக்கு அது வாத்தியார்கள் வாயிலிருந்து மெல்லக் கசிந்தது. கணக்கெடுக்கப் போனவர்கள் எல்லாரும் பள்ளி ஆசிரியர்கள். மணமான ஒவ்வொரு பெண்ணிடமும் ‘உங்களுக்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை’ என்று கேட்டு, இல்லை என்றால் கட்டத்தில் பூஜ்யம் எழுத வேண்டும் என்பது விதி. பதிலே கிடைக்காவிட்டால்தான் கட்டத்தைக் காலியாக விடலாம். அந்த விதியை எழுதியவளே தசமம்தான். ஆனால் பரீட்சைத் தாளில் முப்பது வருடமாக முட்டை போட்டே பழகிய கை, ‘எங்களுக்கு இல்லீங்க’ என்று கீழே பார்த்தபடி சொல்லும் ஒரு பெண்ணின் எதிரில் முட்டை போட மறுத்துவிட்டது. அது மார்க் போடுவதைப் போல இருந்ததாம். மனசு இளகி, கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருந்தார்கள். எல்லாரும் இளகவில்லை. உடற்பயிற்சி வாத்தியார்கள் தாராளமாகப் பூஜ்யம் போட்டிருந்தார்கள்; அந்த வீடுகளுக்குப் பிள்ளை வரவில்லை. அங்கே சிலருக்கு வருத்தம், சிலருக்கு நிம்மதி, சிலர் மாலை நேரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கொஞ்சி அனுப்பினார்கள்.

தசமத்தின் வீட்டுக்கு வந்தவர் ஓர் ஓவிய வாத்தியார். இல்லை என்று அவள் சொன்னதும் அவர் பேனா கட்டத்துக்கு மேலே ஒரு விநாடி நின்றது, பிறகு கீழே இறங்காமல் நகர்ந்தது. அவள் அதைப் பார்த்தாள். விதி எண் பதினேழு, சார், பூஜ்யம் போடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டியவள், காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். அந்த ஒரு விநாடியை அவள் யாரிடமும் சொல்லவில்லை, கணவனிடம்கூட. அவளுக்கு அதில் வெட்கமாகவும் இருந்தது, குட்டியைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாகவும் இருந்தது.

தாள்களைக் கூட்டி முடித்தபோது ஒரு பெண்ணுக்கு 2.82 பிள்ளை என்று வந்தது. காலிக் கட்டங்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதால் வந்த வீக்கம் அது. பிள்ளை இல்லாதவர்களில் பாதிப் பேரைக் கழித்துவிட்டுச் சராசரி எடுத்தால் வீங்காமல் என்ன செய்யும்? தலைமையகம் சும்மா இருக்குமா? சுற்றுவட்டாரத்தில் எங்கும் இல்லாத எண் இங்கே மட்டும் எப்படி என்று கடிதம் வந்தது. காலியாக இருக்கும் முன்னூற்று நாற்பத்திரண்டு கட்டங்களிலும் சிவப்பு மையில் பூஜ்யம் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும் என்று கடைசி வரி. இயக்குநர் நல்ல மனிதர்தான், ஆனால் காலிக் கட்டத்தைக் கண்டால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். கடிதம் வந்த கையோடு, எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று, மேலே கிடந்த ஒரு தாளில் பென்சிலால் ஒரு பூஜ்யம் போட்டார். அது தையற்காரர் வீட்டுத் தாள். கால் மணி நேரத்தில் தையற்காரரின் மனைவி, இடுப்பில் பையனைச் சுமந்துகொண்டு, மூன்று தெரு ஓடி மூன்று மாடி ஏறி வந்து நின்றாள். லிஃப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை. பையன் எண்ணெய் பட்ட காகிதத்தைப் போல ஆகியிருந்தான். அவனுக்குப் பின்னால் மாட்டியிருந்த நாட்காட்டியில் தேதியைப் படிக்க முடிந்தது. இயக்குநர் இழுப்பறைகளை எல்லாம் இழுத்துப் போட்டு ரப்பரைத் தேடினார். ரப்பர் கிடைத்து, அழித்து, ஊதித் தட்டிய பிறகு பையன் பழையபடி ஆனான், இடது காது மட்டும் சற்று வெளிறியே நின்றுவிட்டது. “இனிமே எங்க தாள்ல கை வைக்காதீங்க சார்” என்று அந்த அம்மா சத்தம் போடாமல் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அன்று மாலை தசமம் நடந்தே வீட்டுக்குப் போனாள். 2.82 பொய் என்று அவளுக்குத் தெரியும். அதை அப்படியே விட்டால், வராத குழந்தைகளுக்காக நாற்பது தொட்டில்களோடு இன்னொரு பிரசவ ஆஸ்பத்திரி கட்டிவிடுவார்கள். ஊர் வருடக்கணக்காகக் கேட்ட நூலகம் வராது. பொய்யான எண்ணை வெளியே விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. திருத்தினாலோ, குட்டி போய்விடும். குட்டிக்கு அன்று ஐந்து வயது. அவள் வருத்தமாக இருப்பதைப் பார்த்து, அருகில் வந்து, உனக்கு எதில் கணக்கு வரவில்லை என்று கேட்டது. கழித்தலில் என்றாள் தசமம். அப்போது கழிக்காமல் போடு என்றது குட்டி. ஐந்து வயதுக்கு அதுதான் தெரியும்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவள் தாள்களைத் தொடவே இல்லை. மணமான பெண்களை ஐந்தைந்து வயதாக ஏழு கூட்டமாகப் பிரித்தாள். ஒவ்வொரு கூட்டத்திலும் நூற்றுக்கு எத்தனை பேருக்குப் பூஜ்யம் எழுதப்பட்டிருக்கிறது, நூற்றுக்கு எத்தனை கட்டம் காலி என்று மட்டும் எடுத்தாள். பூஜ்யம் அதிகமுள்ள கூட்டத்தில் காலியும் அதிகம்; பூஜ்யம் குறைந்தால் காலியும் குறைந்தது. கட்டம் போட்ட தாளில் ஏழு புள்ளி வைத்து அளவுகோலை வைத்தால், ஏழும் ஒரே கோட்டில் பட்டாளத்துக்காரர்களைப் போல நின்றன. ஆக, காலி என்பது பெரும்பாலும் இளகிய மனசுக்காரர்கள் எழுதாமல் விட்ட பூஜ்யம்தான். ஆனால் கோட்டை நீட்டிக்கொண்டே போனால், பூஜ்யமே இல்லாத இடத்தில்கூட அது தரையைத் தொடவில்லை. கொஞ்சம் மேலேயே, ஆயிரத்துக்கு இரண்டு என்ற இடத்தில் நின்றுவிட்டது. நாலாயிரத்து நூறு பெண்களில் எட்டுப் பேர். உண்மையிலேயே பதில் கிடைக்காத எட்டுப் பேர். மீதி முன்னூற்று முப்பத்து நான்கையும் பூஜ்யமாகக் கொண்டால் சராசரி 2.59. அதுதான் உண்மை என்று அவளுக்கு உடம்பே சொன்னது.

வெள்ளிக்கிழமை காலை வரைபடத்தை இயக்குநர் முன்னால் விரித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“எட்டுப் பேர்னா, எந்த எட்டும்மா?”

“தெரியாது சார். கணக்குக்கும் தெரியாது, அதுக்குத் தெரியவும் வேண்டாம். முன்னூத்து முப்பத்தி நாலு ஜீரோ அட்டவணையில மொத்தமா ஏறிடும். எந்த வீட்டுத் தாளையும் தொட வேண்டியதில்லை.”

“அப்ப முன்னூத்து நாப்பத்திரண்டு வீடும், அந்த எட்டுல நாங்களும் ஒண்ணுன்னு நினைச்சுக்கும்.”

“நினைச்சுக்கட்டும் சார். அதுக்கு நம்ம அட்டவணையில கட்டம் இல்ல.”

இயக்குநருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையற்காரர் வீட்டுப் பையனின் காது அவர் கண்ணை விட்டுப் போகவில்லை என்பதும் உண்மை. தாளைத் தொடாமல் திருத்தலாம் என்றால் திருத்துங்கள் என்றார். ஆனால் அட்டவணையில் ஏற்றினால் மட்டும் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது என்று உத்தரவாதம் உண்டா என்று கேட்டபோது, தசமம் வரைபடத்தை மறுபடி பார்த்தாள். அது வரைபடத்தில் வரவில்லை. இருந்தும் எழுதித்தான் ஆக வேண்டும், அதையும் தானே எழுத வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். கணவனுக்குத் தொலைபேசியில் சொல்ல, அவன் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுக் குட்டியைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்தான். அன்றைக்கு அவளுக்கு ஆறு வயது. அம்மாவின் நாற்காலிக் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்து, முழு பாரத்தையும் தோளில் சாய்த்துக்கொண்டாள். தசமம் இடது கையால் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மூன்று எண்களை மையில் எழுதினாள். இரண்டு, புள்ளி, ஐந்து, ஒன்பது. பதினோரு மணி நாற்பது நிமிடம். அந்த நிமிடத்தில் நகரத்தில் இருந்த முன்னூற்று நாற்பத்திரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரு தும்மல் போட்டார்கள். அவ்வளவுதான். கணுக்கால் கையிலேயே இருந்தது, சூடாக. லிஃப்ட் மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு முகத்தைத் துடைத்தான். தசமம் யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று வாய்விட்டு அழுதாள்.

தும்மலுக்குப் பிறகு பிள்ளைகளின் வயது நேராக நடக்க ஆரம்பித்தது. அன்றைக்கு யாருக்கு எத்தனை வயதோ அங்கிருந்தே கணக்கு. தலைமையகம் 2.59-ஐ ஏற்றுக்கொண்டது. நூலகம் வந்தது. நான்கு வருடம் கழித்து, பள்ளிகளில் படிப்பவர்கள் இந்த ஊரில் பிறந்தவர்களைவிட அதிகமாக இருக்கிறார்களே என்று இன்னொரு கடிதம் வந்தபோது, ‘எண்ணிக்கை சரிபார்க்கப்பட்டது, இவ்வூரில் பிறந்தவர்களைவிட இருப்பவர்கள் அதிகம்’ என்று தசமம் ஓர் அடிக்குறிப்பு எழுதி அனுப்பினாள். அடிக்குறிப்பைத் திருப்பி அனுப்பும் பழக்கம் தலைமையகத்துக்கு இல்லை. அதையும் பொடி எழுத்தில் அச்சிட்டு, மூன்று பிரதி அனுப்பி வைத்தது. இயக்குநர் ஓய்வு பெற்றார். உடற்பயிற்சி வாத்தியார் ஒருவருக்கு நடுவயதில் மனசு இளகியது, ஆனால் அது வேறு கதை. தசமம் பிரிவுத் தலைவி ஆனாள். லிஃப்ட் மாற்றப்பட்டுவிட்டதால் அவள் கணவனுக்கு அலுவலகத்துக்கு வரக் காரணம் இல்லாமல் போயிற்று, காரணம் இல்லாமலே வந்தான்.

பத்து வருடத்தில் அடுத்த கணக்கெடுப்பு வந்தது. புதிய படிவத்தைத் தயாரித்தவள் தசமம்தான். வீட்டில் இருப்பவர்களின் பட்டியல் முதல் பக்கம், பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை இரண்டாம் பக்கம் என்று வரிசையை மாற்றுவதற்கு மட்டும் குழுவில் இரண்டு வருடம் மல்லுக்கு நின்றாள். காலிக் கட்டம் இனி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததும் அவளே. கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுக்கையில் சுருண்டு கிடந்தாள். பென்சில் பூஜ்யம் ஒன்று என்ன செய்தது என்பதை ஊர் பேசுவதை விட்டிருந்தாலும் அவள் மறக்கவில்லை, இம்முறை பேனா. நம் வீட்டை மட்டும் விட்டுவிடச் சொல்லேன், பத்து வருடமாக உன் பேச்சைத் தட்டாத துறைதானே என்றான் கணவன். அப்படிச் சொல்லிவிடலாம் என்றுதான் அவளும் இரண்டு நாள் இருந்தாள். குட்டிக்குப் பதினாறு வயது. எல்லாவற்றையும் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு உள்ளே வந்து, “எனக்காகத் தப்பா எழுத வேணாம்மா” என்றாள். அவள் குரலிலும் கொஞ்சம் பயம் இருந்தது.

முதல் வீடாக எங்கள் வீட்டையே எடுங்கள் என்று தசமம் சொல்லி அனுப்பினாள். என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள, பிள்ளை வந்த மற்ற வீடுகள் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தன. வந்தவள் இளம் ஆசிரியை, முதல் வேலை, நகத்தைக் கடிக்கும் பழக்கம் உள்ளவள். முதல் பக்கத்தில் வீட்டில் மூன்று பேர் என்று எழுதினாள்: கணவன், மனைவி, மகள். பக்கத்தைத் திருப்பினாள். பிறந்த பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, ஜீரோ என்றாள் தசமம். பேனா கட்டத்துக்கு மேலே நின்றது. வாசலில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த பெண்ணை ஆசிரியை ஒரு பார்வை பார்த்தாள், தாளை ஒரு பார்வை பார்த்தாள். வேண்டுமானால் காலியாக விட்டுவிடட்டுமா மேடம் என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டாள்.

“வேண்டாம். எழுதுங்க. நல்லா வட்டமா எழுதுங்க.”

தசமம் தாளைப் பார்க்கவில்லை. பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் மெக்கானிக் மகளின் புத்தகப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். பேனா ஒரு சுற்றுச் சுற்றி, தொடங்கிய இடத்தில் வந்து சேர்ந்தது. குட்டி ஒரு காலின் லேஸை முடித்துவிட்டு மற்ற காலுக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் சுவர் தெரியவில்லை, அவள்தான் தெரிந்தாள். எழுந்து, அப்பாவிடமிருந்து பையைப் பிடுங்கிக்கொண்டு, பஸ் போய்விட்டால் நீங்கள்தான் கொண்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினாள். அந்தச் சத்தம் கீழ்த் தளம் வரை கேட்டது.

“மேடம், பெத்தது ஜீரோ, வீட்ல மகள் ஒண்ணு,” என்றாள் ஆசிரியை, இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து. “இதை எப்படி எழுதறது?”

“அப்படியே எழுதுங்க,” என்றாள் தசமம்.

அவள் அப்படியே எழுதினாள். அன்று மாலைக்குள் மற்ற வீடுகளிலும் அப்படியே எழுதினார்கள்.